ஒரு மணிக்குத் திறந்த பள்ளிக்கூடம்

“அவ பொய்யா ஒண்ணும் எழுதல வே. எழுதுனது அம்புட்டும் உள்ளது. அது பொய்யின்னு பின்னால ஒரு தாள்ல எழுதிக் குடுத்தா பாரும், அது ஒண்ணுதான் பொய்.”

நேசையா ஒன்றும் கேட்டிருக்கவில்லை. மில்லுக்குப் போகிற வழியில் பின் சக்கரத்துக்குக் காற்றடிக்க வந்தவர் அவர். பம்பை அழுத்திக்கொண்டிருந்த இசக்கிமுருகன் பாதியில் நிமிர்ந்து இப்படிச் சொன்னதும், தனக்குப் பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

“நான் ஒண்ணும் கேக்கலியே வே?”

“நீரு கேக்கல. வாரவன் போறவன் எல்லாம் மூஞ்சியாலயே கேட்டுட்டுப் போறான். அதான் சொல்லுதேன்.”

“சரி, சொல்லும். காத்தையும் அடிச்சிக்கிட்டே சொல்லும். சங்கு ஊதிட்டான்னா உள்ள விடமாட்டான்.”

இசக்கிமுருகன் பம்பைத் தொடவில்லை.

விக்கிரமசிங்கபுரத்தில் மில்லுக்குப் போகிற ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறவர் அவர். மூன்றாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவர். அவர் மனைவி மாரித்தாய் டீச்சர் அதற்கு நேர்மாறு. ஆரம்பப் பள்ளி வாத்தியார் வேலைக்குச் சேர்ந்த பிறகு தபாலிலேயே பி.ஏ., பி.எட். என்று படித்து ஏறி, கடைசியில் எம்.எட்.டும் எழுதியவள். பாபநாசம் மலையில் காணிக்காரர்கள் குடியிருக்கிற மஞ்சப்பாறையில் எட்டு வருஷம் தனி ஆளாகப் பள்ளிக்கூடம் நடத்தியவள். இன்றைக்கு, ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற நாளில், ராதாபுரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேரச் சொல்லி வந்த உத்தரவைப் பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போய்விட்டாள்.

‘டீச்சர் எம்.எட்.டுக்குப் பொய்யா எழுதி மாட்டிக்கிட்டா. அதான் தூக்கி அடிச்சிட்டான்’ என்று ஊர் பேசியது. டீக்கடையில் பேசினார்கள். படித்துறையில் துணி துவைத்தபடி பேசினார்கள். இசக்கிமுருகன் போய் நின்றால் நிறுத்திக்கொண்டார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மஞ்சப்பாறைக்கு யாரும் விரும்பிப் போனதில்லை. காரையாறு அணை வரைக்கும் பஸ் போகும். அதற்குமேல் காட்டுக்குள் நடக்க வேண்டும். மாரித்தாய்க்கு முன்னால் அங்கே இருந்த வாத்தியார் சத்தியநேசன், சம்பளத்தை ஒட்டி மாதம் ஒருமுறை மலை ஏறுவார். மாதம் முழுவதற்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுவார். காணிகள் கொடுக்கிற தேனையும் நல்ல மிளகையும் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவார். வந்த கிளாசுக்கும் கணக்கு இல்லை, வராத கிளாசுக்கும் கணக்கு இல்லை. அவர் ஓய்வு பெற்றபோது கூட்டம் போட்டு, மாலை போட்டு, ‘நேரம் தவறாத ஆசிரியர்’ என்று பேசி, ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள்.

ஐப்பசி மாதம் மாரித்தாய் அங்கே போன முதல் நாள் ஒன்பதரைக்கு மணி அடித்தாள். ஒரு பிள்ளைகூட வரவில்லை. குடிசை குடிசையாகப் போய்ப் பார்த்தால் எல்லாம் சுருண்டு கிடந்து தூங்குகின்றன. விடிந்து இத்தனை நேரம் ஆகியும் இதென்ன தூக்கம் என்று அவளுக்குக் கோபம் வந்தது. கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தாள். தினமும் இதே பாடு. இழுத்துவந்த பிள்ளைகள் சுவரில் சாய்ந்து தூங்கின. ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தூங்கின.

ஒரு நாள் தேவகி என்ற சிறுபிள்ளை கரும்பலகைக்கு முன்னால் நின்று ‘அம்மா, ஆடு, இலை’ என்று வாசித்துக்கொண்டிருந்தாள். ‘ஈ’ வந்தபோது கண் செருகிவிட்டது. வெட்டின வாழை மாதிரி அப்படியே முன்னால் சாய்ந்தாள். முன்பல் ஒன்று உடைந்து வாயெல்லாம் ரத்தம். மாரித்தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூட்டுக்காணியிடம் ஓடினாள். அந்தக் குடியிருப்பின் தலைவரை அப்படித்தான் சொல்லுவார்கள். பூதத்தான் காணி என்று அவருக்குப் பெயர்.

“என்ன நோக்காடு இந்தப் பிள்ளைகளுக்கு? ஒண்ணு பாக்கியில்லாம தூங்கித் தூங்கி விழுதே?”

“நோக்காடு ஒண்ணும் இல்ல டீச்சரே. ராவெல்லாம் பன்னிக் காவலு. பெறவு பகல்ல ஒறங்காம எப்ப ஒறங்கும்?”

அப்போதுதான் அவளுக்குச் சங்கதி தெரிந்தது. மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு மண்ணுக்குள் திரள ஆரம்பித்துவிட்டால் காட்டுப்பன்றி இறங்கும். ஒரு ராத்திரி அசந்தால் போதும், வருஷத்துச் சாப்பாட்டையும் கிளறிப் போட்டுவிட்டுப் போய்விடும். மரத்துக்கு மேலே பரண் கட்டி, தகரத்தைத் தட்டி, விடிகிற வரைக்கும் கூவிக்கொண்டே இருக்க வேண்டும். பகலெல்லாம் காட்டில் அலைந்து வந்த பெரியவர்களுக்குக் கண் தாங்காது. பிள்ளைகளின் தொண்டைதான் காவல். ஐப்பசியில் ஆரம்பித்தால் மாசியில் கிழங்கு பிடுங்குகிற வரைக்கும் இப்படித்தான். பாட்டன் காலத்திலிருந்தே அதுதான் அங்கே வழக்கம்.

“நீங்க அடிக்கது ஒம்பதரை மணி,” என்றார் பூதத்தான் காணி. “பன்னிக்கு அது தெரியாதே டீச்சரே.”

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் காலைக் கழுவினதும் சொன்னாள்: “ஏங்க, நாளையில இருந்து எனக்குப் பத்து மணி பஸ் போதும்.”

“ஏன், லீவா?”

“லீவு இல்ல. பள்ளிக்கூடத்த மதியம் ஒரு மணிக்கு மாத்திட்டேன்.”

“யாருகிட்டக் கேட்டு மாத்துன?”

“பன்னிகிட்டக் கேட்டு.”

இசக்கிமுருகன் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

மதியம் பிள்ளைகள் தூங்கி எழுந்து, பள்ளிக்கூடத்துச் சோற்றைச் சாப்பிட்டு முடித்ததும் மணி அடிக்கும். வெளிச்சம் இருக்கிற வரைக்கும் பாடம். இருட்டுகிற நேரத்தில் காணிக்காரர்கள் இரண்டு பேர் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு டீச்சரை அணைக்கட்டில் கொண்டுவந்து விடுவார்கள். கடைசி பஸ் டிரைவர் டீச்சர் வந்து ஏறாமல் வண்டியை எடுக்கமாட்டார். ஆரன் அடித்துக் காட்டுக்குள் சத்தம் கொடுத்தபடி நிற்பார். கிழங்கு பிடுங்கி முடிந்து பரணிலிருந்து பிள்ளைகள் இறங்கிவிட்டால், மறுபடியும் காலையிலேயே பள்ளிக்கூடம். தூங்கி விழாத பிள்ளைகள் படித்தன. பல் உடைந்த தேவகி ஓட்டைப் பல்லோடு பாடப் புத்தகம் முழுவதையும் கடகடவென்று வாசித்தாள். மஞ்சப்பாறையிலிருந்து ஐந்தாம் வகுப்பு முடித்துக் கீழே ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் பிள்ளை அவள்தான். அந்தக் குடியிருப்பில் அதற்கு முன்னால் கைநாட்டு வைக்காதவர் ஒருவர்கூடக் கிடையாது.

எல்லாம் சரிதான். ஆனால் வருகைப் பதிவில் மட்டும் வருஷம் முழுவதும் காலை ஒன்பதரை என்றே அவள் எழுதினாள். வேறு நேரம் எழுத அதில் இடம் இல்லை. அதுதான் அவளுக்கு உறுத்தல்.

“நான் இருக்கிற மட்டுக்கும் சரி. என்னய மாத்திட்டு வேற ஒருத்தி வந்தான்னு வையுங்க, ஒம்பதரைக்கு மணி அடிப்பா. பிள்ளைய வராது. பிள்ளைய வரலன்னு பள்ளிக்கூடத்த மூடிருவான். இந்த ஒரு மணிய சட்டமாக்கணும்.”

“அதுக்கு நீ என்ன மந்திரியா?”

“நான் வாயால சொன்னா எவன் கேப்பான்? எம்.எட். படிச்சி, ஆராய்ச்சி பண்ணி, அட்டை போட்ட பொஸ்தகமாக் குடுத்தா கேப்பாவ.”

அப்படித்தான் அவள் எம்.எட்.டில் சேர்ந்தது. சம்பள உயர்வுக்கு என்று ஊரில் சொன்னார்கள். அதற்கும் இவர் போய் மறுத்துச் சொல்லவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் சனி, ஞாயிறு வகுப்பு. கோடை விடுமுறை முழுவதும் வகுப்பு. விடியக்காலம் எழுந்து சோற்றைப் பொங்கிவைத்துவிட்டு பஸ் ஏறுவாள். கூடப் படித்தவர்களில் ராஜராஜேஸ்வரி என்று டவுனிலிருந்து வருகிற டீச்சர் ஒருத்தி. நல்ல மனுஷிதான். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் அவள் மாரித்தாயிடம் சொன்னாள்:

“எதுக்குக்கா மலையில கெடந்து அல்லாடுதிய? என் நாத்தனா போன வருஷம் எழுதுன ஆய்வேடு வீட்டுல கெடக்கு. சேரன்மாதேவி வட்டாரத்துப் பிள்ளைகன்னு போட்டிருக்கும். நான் அத அடிச்சிட்டு ராதாபுரம்னு போட்டுக்கிட்டேன். நீங்க அம்பாசமுத்திரம்னு போட்டுக்கிடுங்க. பிள்ளைக எல்லா ஊர்லயும் பிள்ளைகதான?”

மாரித்தாய் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ராதாபுரத்துப் பனங்காட்டைக் கண்ணால் பார்க்காமலே ராஜராஜேஸ்வரி அந்த ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி எழுதி முடித்துவிட்டாள். அதற்குப் பட்டமும் வாங்கினாள். இப்போது தலைமையாசிரியையாக இருக்கிறாள்.

மாரித்தாயின் ஆய்வேட்டை மேற்பார்வையிட்டவர் காந்திமதிநாதன் சார். திருநீறு அழியாத நெற்றி, வெள்ளைச் சட்டை, வெயிலோ மழையோ கையில் குடை. அவரைக் கெட்டவர் என்று சொல்ல இசக்கிமுருகனுக்கு வாய் வரவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் தேவலை என்றுதான் தோன்றியது. மாரித்தாய் முதலில் எழுதிக்கொண்டுபோனதில் பள்ளிக்கூட நேரம் காலை ஒன்பதரை என்றுதான் இருந்தது. பிள்ளைகள் ராத்திரி காவலுக்குப் போவதையும், பகலில் தூங்குவதையும் எழுதியிருந்தாள். மதியம் ஒரு மணியை மட்டும் விட்டுவிட்டாள். சார் அந்த இடத்தைச் சிவப்பு மையால் சுழித்துவைத்துக் கேட்டாராம்:

“விடிய விடிய முழிச்ச பிள்ளை ஒம்பதரைக்கு எப்படி டீச்சர் வரும்?”

சார் மறுபடியும் கேட்டாராம்:

“நெசமா எத்தன மணிக்கு நடத்துதிய?”

சொல்லிவிட்டாள். சார் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றாராம்.

“இதுல்லா ஆராய்ச்சி! இத மறைச்சிட்டு மத்தத எல்லாம் எழுதி என்ன புண்ணியம்? நடந்தத நடந்தபடி எழுதுங்க. எந்த மாசம் எத்தன மணிக்கு ஆரம்பிச்சிய, அதனால எத்தன பிள்ளை வந்துது, எல்லாம் எழுதுங்க. உள்ளத எழுதப் பயந்தா வாத்தியார் வேலை எதுக்கு?”

அவள் எழுதினாள். வாய்மொழித் தேர்வுக்கு முன்னால் வீட்டில் ஒத்திகை நடந்தது. இசக்கிமுருகன்தான் கேள்வி கேட்கிற பெரிய மனுஷன். பனியனுக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, ஸ்டூலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

“ஏம்மா, காணிப் பிள்ளைய ஏன் காலையில பள்ளிக்கூடம் வரல?”

“ஐயா, அவர்கள் இரவில் பயிர்க்காவலில் ஈடுபடுவதால்...”

“அப்பம் பன்னிய பகல்ல வரச் சொல்லிட்டா என்ன?”

மகள் செல்வமணி அடுப்படியிலிருந்து விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஆய்வேட்டுக்கு அட்டை போட்டது பாளையங்கோட்டை மார்க்கெட்டில் முகம்மது மைதீன். அரக்கு நிற அட்டை, அதில் தங்க எழுத்து. நாலு பிரதியையும் மடியில் வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனது இசக்கிமுருகன்தான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் “என்ன பொஸ்தகம் அண்ணாச்சி?” என்று கேட்டார். “எங்க வீட்டுல எழுதுனது” என்று இவர் சொன்னார். தங்க எழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனார். அதில் மாரித்தாய் என்ற பெயரை மட்டும் அவருக்கு எழுத்துக் கூட்டாமலே வாசிக்க முடிந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்தவர் அரை மணி நேரம் கேட்டுவிட்டு, “இது அலமாரியில கெடக்க வேண்டியது இல்ல. மேல இருக்கிறவங்க படிக்க வேண்டியது” என்று சொன்னார். முதல் வகுப்பு. காந்திமதிநாதன் சாருக்குத் தலைகால் புரியவில்லை. தன்னிடம் இருந்த பிரதியைத் தூக்கிக்கொண்டு, குடையையும் எடுத்துக்கொண்டு, நேராக மேலதிகாரியின் அலுவலகத்துக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். ‘மலைப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் இந்த மாதிரி நடக்கணும் சார், பாருங்க’ என்று சொல்லிவிட்டு வந்தாராம். மாரித்தாயிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். அட்டை போட்ட புத்தகம் பேசும் என்றுதானே அவளும் நம்பியிருந்தாள்.

புத்தகம் பேசத்தான் செய்தது.

மார்கழியில் ஒரு நாள் கணேஷ்ராம் என்ற அதிகாரி ஜீப்பில் அணைக்கட்டுக்கு வந்து, அங்கிருந்து அட்டைக்கடி பட்டுக்கொண்டு மஞ்சப்பாறைக்கு நடந்து ஏறினார். ஒன்பதரைக்குப் போய் நின்றார். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. பூதத்தான் காணி வந்து கும்பிட்டார்.

“பிள்ளைகள் எங்க?”

“ஒறங்குது சாரே.”

“டீச்சர் எங்க?”

“பத்து மணிக்குத்தான் பஸ் ஏறும் சாரே. மதியத்துக்குத்தான் மணி.”

மூட்டுக்காணி ஒளிவு மறைவு இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். தேனும் கொடுத்தார். கணேஷ்ராம் தேனை வாங்கிக்கொண்டார்.

விசாரணைக்கு மாரித்தாயைக் கூப்பிட்டார்கள். இசக்கிமுருகனும் கூடப் போனார். அவரை உள்ளே விடவில்லை. ஜன்னலுக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்தார். மேஜையில் அந்த அரக்கு அட்டைப் புத்தகம் கிடந்தது. உள்ளே இடம் இடமாகச் சீட்டு வைத்திருந்தது. பக்கத்தில் வருகைப் பதிவு.

“இது நீங்க எழுதுனதுதான டீச்சர்?”

“ஆமா சார்.”

“ஒரு மணிக்குத்தான் பள்ளிக்கூடம்னு இதுல இருக்கு. ஒம்பதரைன்னு அதுல இருக்கு. ரெண்டுலயும் உங்க கையெழுத்து. எது உள்ளது?”

“பொஸ்தகத்துல இருக்கதுதான் சார் உள்ளது.”

“அப்ப இத்தன வருஷமா அரசாங்கத்துக்குப் பொய்க் கணக்கு.”

“பிள்ளைக படிச்சிருக்கு சார். வந்து கேட்டுப் பாருங்க.”

“நான் கேக்கது நேரத்த. படிப்ப இல்ல.”

பிறகு கணேஷ்ராம் குரலைத் தாழ்த்தினார்.

“நான் கெட்டவன் இல்ல டீச்சர். எனக்கும் மேல ஆள் இருக்கு. ஒண்ணு செய்யுங்க. பட்டத்துக்காகக் கற்பனையா எழுதுனேன், நேரம் மாத்துனதெல்லாம் நடந்தது இல்ல, அதிகாரி வந்த அன்னைக்கு மட்டும் உடம்பு சரியில்லாம பிந்திட்டேன்னு எழுதிக் குடுங்க. மஞ்சப்பாறைய நான் தொடமாட்டேன். இல்லன்னா, நேரத்துக்குத் திறக்காத பள்ளிக்கூடம்னு மூடத்தான் எழுதணும்.”

மாரித்தாய் எழுந்து வெளியே வந்தாள். இவர் முகத்தைப் பார்த்தாள்.

“கேட்டியளா?”

“கேட்டேன். எழுதாத. நீ ரெண்டு வருஷம் பட்ட பாடு எனக்குத் தெரியும்.”

“எழுதலன்னா பள்ளிக்கூடம் போயிரும்.”

“எழுதுனா நீ பொய்காரின்னு ஆயிரும்.”

“ஆனா ஆவட்டும். பள்ளிக்கூடம் இருந்தா, பன்னி காலம் முடிஞ்சாவது பிள்ளைய வரும்லா?”

உள்ளே போய் எழுதிக் கொடுத்தாள். வெளியே வந்து, தண்ணீர் வேண்டும் என்று கேட்டாள். கடையில் சோடா வாங்கிக் கொடுத்தார். பாதிதான் குடித்தாள்.

பத்து நாளில் காந்திமதிநாதன் சார் குடையோடு வீட்டுக்கு வந்தார். மாரித்தாய் எழுதிக்கொடுத்த தாளின் நகல் கல்லூரிக்குப் போய்விட்டது. ஆராய்ச்சி பொய் என்று எழுதினவளே ஒப்புக்கொண்ட பிறகு பட்டம் எப்படித் தருவது என்று நிறுத்திவைத்துவிட்டார்கள்.

“நான் உங்கள உள்ளத எழுதச் சொன்னேன்,” என்றார் சார். “நீங்க அதப் பொய்யின்னு எழுதிக் குடுத்திட்டியளே டீச்சர். எனக்கு எவ்வளவு தலைகுனிவு தெரியுமா?”

இசக்கிமுருகனுக்கு நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. யாருடைய குடை அந்தப் புத்தகத்தை அலுவலகத்துக்குக் கொண்டுபோனது என்று கேட்டிருப்பார். மாரித்தாய் கண்ணாலேயே அடக்கினாள். காப்பி போட்டுக் கொடுத்தாள். சார் குடித்துவிட்டு, காப்பி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பழைய வருத்தத்தோடேயே எழுந்து போனார்.

தைக்குள் மஞ்சப்பாறையில் ஒன்பதரை மணி வந்துவிட்டது. வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் மேலே ஏறிவந்து மணி பார்த்துவிட்டுப் போனார்கள். சத்தியநேசன் வாத்தியார் இருந்தபோது ஒரு நாள்கூட அந்தக் காட்டுப் பாதையில் ஏறாத கால்கள் அவை. மாரித்தாய் முதல் பஸ்ஸில் போய்க் குடிசை குடிசையாக எழுப்பினாள். பிள்ளைகள் டீச்சருக்காக வந்தன. வந்து, தரையில் சரிந்து தூங்கின. அவள் எழுப்பாமல், விசிறிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பகல் தூக்கம் சரியாக இல்லாத பிள்ளைகள் ராத்திரி பரணிலும் அசந்துவிட்டன. ஒரே ராத்திரியில் மூன்று வீட்டுக் கிழங்கைப் பன்றி கிளறிப் போட்டது.

மறுநாள் பூதத்தான் காணி பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றார். உள்ளே ஏறவில்லை.

“டீச்சரே, உங்களக் கொறை சொல்லல. சாரு கேட்டாருன்னு அன்னைக்கு நான்தான் உள்ளதச் சொன்னேன். சொல்லிருக்கப்பிடாதா?”

“நானும்தான் எழுதுனேன்,” என்றாள் மாரித்தாய். “எழுதிருக்கப்பிடாதான்னு நான் யார்ட்டக் கேக்க?”

பிறகு பிள்ளைகள் வரவில்லை. வராத பிள்ளைகளுக்கு எதற்குப் பள்ளிக்கூடம் என்று மேலே கேட்டார்கள். தொடமாட்டேன் என்று சொன்ன கணேஷ்ராமுக்கு அதற்குள் மாற்றல் ஆகிவிட்டது. மஞ்சப்பாறைப் பள்ளிக்கூடத்தைக் கீழே விடுதி உள்ள பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிட்டதாக உத்தரவு வந்தது. பிள்ளைகளை விடுதியில் விட வேண்டுமாம். ராத்திரிக் காவலுக்குத் தொண்டை இல்லாமல் எந்தக் காணி பிள்ளையை விடுவான்? இரண்டு பேர் விட்டார்கள். அந்தப் பிள்ளைகளும் மூன்றாம் நாள் காட்டு வழியாக நடந்து வீட்டுக்கு வந்துவிட்டன.

இந்தக் கசப்புக்கு நடுவில் ஒரே ஒரு தித்திப்பு. மே மாதக் கடைசியில் செல்வமணிக்கு அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது. இசக்கிமுருகன் அன்றைக்குக் கடையில் யாரிடமும் வாடகை வாங்கவில்லை. வந்த சைக்கிளுக்கெல்லாம் ஓசிக் காற்று. அந்தப் பிள்ளை கொட்டாவி விடுகிற அழகைப் பார்க்க மணிக்கு ஒருதரம் கடையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவார். உள்ளங்கையில் அடங்குகிற பாதம் அதற்கு. அதில் ஐந்து விரலும் பச்சைக் கடலை மாதிரி வரிசையாக இருக்கும். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அந்தப் பாதத்தைக் கையில் வைத்து மாரித்தாய் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தபால்காரர் ராதாபுரம் உத்தரவைக் கொண்டுவந்து கொடுத்தார்.

பேத்திக்கு ஒரு குணம். பகலெல்லாம் தூங்கும். விளக்கு வைத்ததும் கண்ணை உருட்டி விழித்துக்கொள்ளும். விடிய விடிய ஒரே கூச்சல். தோளில் போட்டுக்கொண்டு நடப்பது மாரித்தாய்தான். “இது மஞ்சப்பாறையில பெறக்க வேண்டிய பிள்ள” என்று ஒரு நாள் செல்வமணி விளையாட்டாகச் சொல்லிவிட்டாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் அதைச் சொல்லவில்லை.

மில்லில் சங்கு ஊதிவிட்டது. நேசையா போகவில்லை. சைக்கிளில் பாதிக் காற்றுதான் இருந்தது. அவருக்கும் விட்டுவிட்டுப் போக மனசு இல்லை.

“பெறகு, காலையில எப்படிவே போனா? அழுதாளா?”

“அழல. சேரன்மாதேவியில ஒண்ணு, வள்ளியூர்ல ஒண்ணுன்னு ரெண்டு பஸ் மாறணும். விடியுததுக்கு முன்னாலயே கெளம்பிட்டா. முதல் நாளே பிந்துனா அங்கயும் பொய்காரின்னு பேராயிரும்னா. சேலையெல்லாம் கெட்டி, பைய எடுத்து மாட்டிக்கிட்டு, தொட்டில் பக்கத்துல வந்து நின்னா. ராவெல்லாம் முழிச்சிருந்து அப்பதான் கண்ணசந்த பிள்ள அது. நான் சும்மா இருக்காம, ஏட்டி பாப்பா, ஆச்சி போறா பாருன்னு தொட்டிலுக்குள்ள கைய விட்டேன். அவ வெடுக்குன்னு என் கையப் பிடிச்சிட்டா வே.”

இசக்கிமுருகன் பம்பைக் கீழே வைத்தார். அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

“‘எழுப்பாதிய. ஒறங்கட்டும். யாராச்சும் வந்து கேட்டா, பாப்பா ஒம்பதரைக்கே முழிச்சிட்டான்னு சொல்லுங்க. உள்ளத மட்டும் சொல்லிராதிய.’”